ஏ.ஐ. வைத்து ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுக்கு சொந்த வெப்சைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மனை, வீடு, நஞ்சை நிலம் எல்லாம் வாங்கி விற்றுக் கொடுக்கும் என் சித்தப்பாவுக்காக ஏ.ஐ. கருவிகளை வைத்தே ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவருடைய தொழில்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் டெல்டா பக்கத்து வழக்கத்தையும் வைத்தே இருக்கும்.

எனக்கு கோடிங் சுத்தமாகத் தெரியாது. நிஜமாகவே முடியுமா?

முடியும். ஏ.ஐ.யிடம் பேச்சு வழக்கில் சொல்லிச் சொல்லியே புரோகிராம் எழுத வைப்பதற்கு 2025 பிப்ரவரியில் ஏ.ஐ. ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கார்பதி "வைப் கோடிங்" என்று பேர் வைத்தார், அதற்கப்புறம் இந்தக் கருவிகள் இன்னும் நன்றாகத் தேறிவிட்டன. ஒரு மதிய நேரத்துக்குள் பார்ப்பதற்கு அழகான முதல் பக்கம் வந்துவிடும். ஆனால் அங்கேயே நிறையப் பேர் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு மொத்தம் மூன்று வாரம் ஆனது. அதில் கோடு எழுத வைத்தது நாலைந்து நாள்தான் இருக்கும். மீதி நாளெல்லாம் சித்தப்பாவின் டைரியில் இருந்த சொத்து விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓனருக்கு போன் போட்டு இன்னும் விற்பனைக்கு இருக்கிறதா என்று கேட்டு, போட்டோ எடுத்து, பத்திரத்தில் இருக்கும் அளவையும் வாயால் சொன்ன அளவையும் ஒத்துப்பார்த்து எழுதியதிலேயே போனது. அந்த வேலையை ஏ.ஐ. செய்யாது, உங்களைத் தவிர யாராலும் செய்யவும் முடியாது.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் மாதிரி சொத்துத் தளங்கள் எல்லாம் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு?

அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை, புது ஆட்கள் அங்கிருந்து வருவார்கள். ஆனால் அங்கே உங்கள் சொத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் இருபது பேருடைய சொத்து நிற்கும், உங்கள் பேர் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு ஆள் உங்களை நம்பி இன்னொருவரிடம் சொல்லும்போது அனுப்ப ஒரு முகவரி வேண்டும், அதற்குத்தான் சொந்த வெப்சைட். சித்தப்பாவுக்கு வரும் ஆட்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள். ஊருக்கு வருவது வருஷத்தில் இருபது நாள், அதற்குள் இடம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அவர்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்க ஒரு இடம் தேவைப்பட்டது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் இரண்டு நாளில் மேலே போய்விடும், அப்புறம் "அந்த ரெண்டாவது மனை எவ்வளவு சொன்னீங்க" என்று திரும்பவும் ஆரம்பத்திலிருந்து பேச வேண்டியிருக்கும்.

எந்தக் கருவியை எடுப்பது?

இரண்டு வகை இருக்கிறது. லவபிள், போல்ட், ரெப்ளிட் மாதிரி பிரவுசரிலேயே எல்லாம் முடிகிறவை ஒரு வகை: சொன்னதும் தளம் கண்முன் வரும், ஹோஸ்டிங்கும், அதாவது தளத்தை இணையத்தில் வைக்கும் இடமும், அங்கேயே. கிளாட் கோட், கர்சர் மாதிரி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களிலேயே வேலை செய்பவை இன்னொரு வகை. ஆரம்பிக்க முதல் வகை சுலபம். நீண்ட நாள் வைத்துக்கொள்ள நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஃபைல் உங்கள் கையில் இருக்கும், நாளைக்கு வேறு கருவிக்கு மாறினாலும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டு நாள் கூடுதலாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எதை எடுத்தாலும் கோடு ஃபைல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப்பில் ஒரு பிரதி போய்ச் சேருகிற மாதிரி முதல் நாளே செய்துவிடுங்கள்.

முதலில் ஏ.ஐ.யிடம் என்ன சொல்ல வேண்டும்?

"எனக்கு ஒரு ரியல் எஸ்டேட் வெப்சைட் செய்து கொடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அமெரிக்காவில் ஒரு ஏஜென்ட் வைத்திருக்கும் தளம்தான் வரும். விலை டாலரில் இருக்கும், எம்.எல்.எஸ். நம்பர் என்று ஒரு கட்டம் வரும், எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணம், ஓபன் ஹவுஸ் தேதி எல்லாம் வரும். எம்.எல்.எஸ். என்பது அங்கே ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் லிஸ்டிங்கைப் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியல், நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது.

நான் செய்தது இதுதான். கோடு பக்கமே போகாமல் சித்தப்பாவை உட்கார வைத்து, ஒருவர் போனில் இடம் விசாரித்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் என்னென்ன கேட்பார் என்று எழுதினேன். எந்த ஏரியா, கிழக்குப் பார்த்ததா வடக்குப் பார்த்ததா, முன்னால் 23 அடி ரோடா 30 அடி ரோடா, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் உண்டா, பட்டா யார் பேரில், தண்ணி எத்தனை அடியில், நல்ல தண்ணியா உப்பா, மழைக்குத் தண்ணி நிற்குமா, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம், ஓனர் விலையில் இறங்குவாரா. அந்தப் பட்டியலை அப்படியே ஏ.ஐ.யிடம் கொடுத்து, "ஒவ்வொரு சொத்துக்கும் இந்த விவரங்கள் இருக்கும், எந்த விவரம் இல்லையோ அந்தக் கட்டமே தெரியக்கூடாது, நீயாக எதையும் நிரப்பக்கூடாது, முதலில் எப்படிச் செய்யப்போகிறாய் என்று சொல், நான் சரி என்ற பிறகு எழுது" என்றேன். திட்டத்தை முதலில் சொல்ல வைப்பது ரொம்ப முக்கியம். அதிலேயே பாதித் தவறு கண்ணில் பட்டுவிடும்.

"நீயாக நிரப்பக்கூடாது" என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

நிரப்பிவிடும் என்பதால்தான். "500-க்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்", "15 ஆண்டு அனுபவம்", ஐந்து நட்சத்திரத்தோடு மூன்று பேர் பாராட்டியதாகக் கற்பனைப் பேர்கள், சிரிக்கும் வெளிநாட்டு முகங்கள். காலி இடம் அசிங்கமாக இருக்கக்கூடாது என்று மாதிரிக்குப் போடுவது அது. அதைக் கவனிக்காமல் அப்படியே வெளியிட்ட தளங்களை நானே பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் விற்பதே நம்பிக்கைதான், அதில் பொய்யான பாராட்டைப் போட்டுவிட்டு "பட்டா கிளியர் சார்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சட்டமும் இருக்கிறது: 2016-ஆம் வருஷத்து ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 10-ஆவது பிரிவு, ஏஜென்ட் தன் சேவையைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிகம் என்றே வைக்கிறது. தளம் தயாரானதும் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படியுங்கள். நீங்கள் நேரில் சொல்லத் தயங்கும் எதையும் தளத்தில் வைக்காதீர்கள்.

ரெரா பற்றி வெப்சைட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதிவான திட்டங்களை, அதாவது புது லே-அவுட், புது அபார்ட்மென்ட் போன்றவற்றை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் 9-ஆவது பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணை எல்லாப் பக்கத்தின் அடியிலும் தெரிகிற மாதிரி போட்டுவிடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீட்டுக்கு மேல் உள்ள திட்டம் என்றால் அது பதிவாகும் முன் விளம்பரமே செய்யக்கூடாது, வெப்சைட்டில் போடுவதும் விளம்பரம்தான். பதிவாகாத திட்டத்தை விற்க உதவும் ஏஜென்ட்டுக்கு 62-ஆவது பிரிவு நாளுக்கு 10,000 ரூபாய் என்று அபராதம் வைக்கிறது, அது சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம்.

இதை ஏ.ஐ.யிடம் ஒரு விதியாகவே எழுதச் சொன்னேன்: சொத்தின் வகை "புதுத் திட்டம்" என்றால் ரெரா எண் கட்டம் காலியாக இருக்கும்வரை அந்தப் பக்கம் வெளியே வரவே வராது. ஒரு நாள் அவசரத்தில் சித்தப்பா எண் இல்லாமல் ஒன்றை ஏற்றப் பார்த்தார், தளம் ஏற்றுக்கொள்ளவில்லை. புரமோட்டரிடம் கேட்டால் "அடுத்த மாசம் வந்துடும்" என்றார். சரி, அடுத்த மாதமே போட்டுக்கொள்ளலாம்.

சதுர அடி, சென்ட், மா, குழி எல்லாம் வருகிறதே, எப்படிக் கையாள்வது?

எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இது. ஏ.ஐ. தானாகச் செய்தால் சதுர அடி மட்டும் வரும். நம் ஊரில் வீட்டு மனை சதுர அடியில், தோப்பு சென்ட்டில், வயல் மாவில், சென்னைக்காரர் கேட்டால் கிரவுண்டில். பட்டாவை எடுத்துப் பார்த்தால் ஹெக்டேர், ஏர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, ஆக ஒரு மா சுமார் 33 சென்ட், மூன்று மா ஒரு ஏக்கர் என்று பேசுவது அதனால்தான். ஆனால் குழிக்கணக்கு ஊருக்கு ஊர் மாறும், அதனால் ஏ.ஐ.யின் போக்கில் விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கத்து அளவை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் எப்படி வைத்தோம் என்றால், பத்திரத்தில் எந்த அளவில் இருக்கிறதோ அதுவும் சதுர அடியும் சேமிக்கப்படும், பார்ப்பவர் தனக்குத் தெரிந்த அளவைத் தட்டினால் மாற்றிக் காட்டும். விலையும் அப்படித்தான், மொத்த விலையோடு சென்ட் விலை அல்லது சதுர அடி விலையும் வரும். எண்ணை 45,00,000 என்று நம் முறையில் காட்டச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் 4,500,000 என்று வந்து நிற்கும். "45 லட்சம்" என்று எழுத்தில் காட்டுவது எல்லாவற்றையும் விடச் சுலபமாகப் புரிகிறது.

லிஸ்டிங் விவரங்களை எதில் வைத்துக்கொள்வது? அட்மின் பேனல் வேண்டுமா?

ஏ.ஐ. உடனே லாகின், டேஷ்போர்டு என்று பெரிதாக ஆரம்பிக்கும். வெயிலில் ஒரு மனையில் நின்றுகொண்டு சித்தப்பா அதையெல்லாம் திறக்கப்போவதில்லை. அவருக்கு கூகுள் ஷீட் தெரியும், போனிலேயே தட்டுவார். அதனால் விவரங்கள் ஷீட்டில், தளம் அதைப் படித்துக் காட்டும் என்று வைத்தோம். முப்பது, நாற்பது சொத்துக்கு இது தாராளம். ஐநூறு சொத்து, நாலு ஏஜென்ட் என்று வளர்ந்தால் அப்போது டேட்டாபேஸ் பக்கம் போகலாம்.

ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நானே அதில் விழப் பார்த்தேன். ஷீட்டில் ஓனர் போன் நம்பர், அவர் கடைசியாக எந்த விலைக்கு இறங்குவார், கமிஷன் எவ்வளவு என்று எல்லாம் ஒரே இடத்தில் எழுதியிருந்தார். அந்த ஷீட்டை இணையத்தில் வெளியிட்டு, பார்ப்பவரின் பிரவுசரே நேராகப் படிக்கும்படி ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது. பக்கத்தில் அந்தக் கட்டங்கள் தெரியவில்லை, ஆனால் கொஞ்சம் விவரம் தெரிந்த யாரும் அந்த முகவரியைத் திறந்தால் கடைசி விலை வரை எல்லாமே தெரியும்! வெளியே போகும் முன் கவனித்துவிட்டேன். இப்போது ஓனர் விவரங்கள் தனி ஷீட்டில் இருக்கின்றன, அது யாருக்கும் பகிரப்படவில்லை, சொத்து எண் மட்டும்தான் இரண்டையும் இணைக்கும். தளம் கட்டும்போதே பொது ஷீட்டைப் படித்துப் பக்கங்களைத் தயாராக்கி வைத்துவிடும்.

மேப்பில் சரியான இடத்தைக் காட்டலாமா?

புது லே-அவுட்டுக்குக் காட்டலாம். தனி வீடு, காலி மனைக்கு வேண்டாம். ஆட்கள் நேராக ஓனரிடம் போய்விடுவார்கள் என்பது தொழில் காரணம். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டை ஊருக்கெல்லாம் சொல்லக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஏரியாவைச் சுற்றி ஒரு வட்டம் போதும். ஆனால் வட்டத்தைத் திரையில் மட்டும் வரைந்துவிட்டு, உள்ளே சரியான அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்திருந்தால் அதுவும் வெளியே தெரிந்துவிடும். சேமிக்கும்போதே அந்த எண்களைத் தோராயமாக்கிவிடச் சொல்லுங்கள். போனில் எடுத்த போட்டோவுக்குள்ளும் எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம், ஏற்றும் முன் அதை நீக்கச் சொல்ல வேண்டும், ஒரே வரி வேலைதான். கூகுள் மேப் சாவியை (மேப்பைப் பயன்படுத்த கூகுள் தரும் குறியீடு) உங்கள் தளத்துக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி கட்டுப்படுத்துங்கள், இல்லையென்றால் அதை வேறு யாரோ பயன்படுத்தி உங்களுக்கு பில் வரும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப்பை, அதைத் தளத்தில் காட்டும் லீஃப்லெட்டோடு வைத்தால் அந்தக் கவலையே இல்லை, நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் எல்லா சொத்துக்கும் ஒரே படம்தான் வருகிறது. ஏன்?

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, ஏனென்றால் கணினியில் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். பிரவுசர் வகைக் கருவிகள் பல, வெறும் ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டு மீதியை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பார்ப்பவர் போனிலேயே வரைகின்றன. வாட்ஸ்அப் முன்னோட்டம் எடுக்கும்போது அந்த ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, முதலில் வரும் வெறும் பக்கத்தையே படிக்கும், அதில் இருப்பது முகப்பின் தலைப்பும் படமும்தான். நம் தொழிலில் லிங்க் பயணம் செய்வதே வாட்ஸ்அப்பில் என்பதால் இதைச் சும்மா விட முடியாது. ஏ.ஐ.யிடம் இப்படிச் சொல்லுங்கள்: "ஒவ்வொரு சொத்துக்கும் தனி முகவரி, சர்வரிலிருந்தே முழுதாக வரும் பக்கம், ஓபன் கிராஃப் தலைப்பில் ஏரியா, அளவு, விலை, படத்தில் அந்தச் சொத்தின் போட்டோ." ஓபன் கிராஃப் என்பது லிங்க் முன்னோட்டத்தில் தெரிய வேண்டிய விவரம். ஆஸ்ட்ரோ, நெக்ஸ்ட் ஜே.எஸ். என்ற தளம் கட்டும் கருவிகள் இரண்டிலும் இது சுலபம். நாங்கள் ஆஸ்ட்ரோ எடுத்தோம். சொத்துப் பக்கம் என்பது பெரும்பாலும் மாறாத எழுத்தும் படமும்தானே, அதற்கு அது பொருத்தம்.

இதோடு, வாட்ஸ்அப் பட்டனைத் தட்டினால் "கு-112 மனை பற்றிக் கேட்க விரும்புகிறேன்" என்று செய்தி தயாராக வந்து நிற்க வேண்டும். போன் நம்பருக்கு முன்னால் நாட்டுக் குறியீடு 91 கட்டாயம், கால் பட்டனில் +91 என்று. கால் பட்டனில் அது இல்லாமல் வெறும் பத்து எண் வைத்திருந்தோம், ஊரில் எல்லாருக்கும் வேலை செய்தது, சிங்கப்பூரிலிருந்து தட்டியவருக்கு கால் போகவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பட்டா, இ.சி. (வில்லங்கச் சான்று), தாய்ப்பத்திரம் எல்லாம் ஸ்கேன் செய்து போடலாமா?

வேண்டாம். அதில் பேர், தகப்பனார் பேர், முகவரி, சில சமயம் ஆதார் எண்ணின் பகுதி, கையெழுத்து எல்லாம் இருக்கும். "பட்டா விற்பவர் பேரில் உள்ளது", "30 வருஷ வில்லங்கச் சான்று பார்த்தாயிற்று", "புலப்படம் உண்டு" என்று நிலையை மட்டும் போடுங்கள், பார்த்த தேதியோடு. நேரில் வந்து பேசுகிறவர்களுக்குக் காட்டுங்கள். மனை என்றால் அப்ரூவல் எண், அப்ரூவல் இல்லாத பழைய மனை என்றால் 2016 அக்டோபர் 20-ஆம் தேதியோ அதற்கு முன்போ பதிவானதா, வரன்முறைப்படுத்தியாயிற்றா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். வாங்குபவர் பத்திர ஆபீஸ் வாசலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது.

பத்திரச் செலவு கணக்கிடும் கால்குலேட்டர் வைக்கலாமா?

வைக்கலாம், எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சதவீதத்தை ஏ.ஐ.யிடம் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்குப் பதிவுக் கட்டணம் 2017-ல் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது, 2023 ஏப்ரலில் 2 ஆனது, 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் 1 சதவீதம் குறைவு. நான் கேட்டபோது ஏ.ஐ. தயங்காமல் முத்திரைத் தீர்வை 7 கூட்டல் பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம் என்று எழுதியது, பழைய கணக்கு. 45 லட்சம் வீட்டுக்கு 9 சதவீதம் என்றால் 4,05,000, 11 என்றால் 4,95,000. தொண்ணூறாயிரம் ரூபாய் வித்தியாசம் ஒரு குடும்பத்தை எவ்வளவு யோசிக்க வைக்கும்! சதவீதங்களை ஷீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள், மாறினால் அங்கே மாற்றினால் போதும். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, விற்பனை விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தமிழிலா ஆங்கிலத்திலா?

இரண்டிலும். ஆனால் ஏ.ஐ. மொழிபெயர்ப்பை அப்படியே போடாதீர்கள். "3 படுக்கையறைகள் கொண்ட அழகிய வசிப்பிடம்" என்று எழுதும், நம் ஆட்கள் "3 பெட்ரூம் வீடு, வடக்கு வாசல், கார் பார்க்கிங் உண்டு" என்றுதான் பேசுகிறார்கள், தேடுவதும் அப்படித்தான். சித்தப்பா போனில் பேசுவதைப் பத்துப் பதினைந்து சொத்துக்கு அப்படியே எழுதி, "இந்த நடையில் எழுது" என்று கொடுத்தேன், நிறைய மாறியது. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக இருக்கிறது. வரிகளுக்கு இடையில் இடைவெளி கொஞ்சம் கூட்டுங்கள், ஆங்கிலத்துக்கு வைக்கும் அளவில் நம் கொக்கிகள் ஒன்றோடொன்று முட்டும்.

போட்டோவை ஏ.ஐ. வைத்து அழகாக்கலாமா?

வெளிச்சம் சரிசெய்யலாம், சாய்ந்திருந்தால் நேராக்கலாம். முன்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை அழிப்பது, பக்கத்து வாய்க்காலை மறைப்பது, காய்ந்த மனைக்குப் புல் வைப்பது எல்லாம் கூடாது. நேரில் வருபவர் முதல் நிமிஷத்திலேயே பார்த்துவிடுவார். அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வகையில் சேமிக்கச் சொல்லுங்கள், ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போனில் டேட்டா சரியாக வராத இடத்தில் நின்று திறந்து பாருங்கள். நான் சோதித்தது திருவிடைமருதூர் தாண்டி ஒரு வயல் வரப்பில் நின்று. முதல் படம் வர பதினொரு விநாடி ஆனது, அப்புறம்தான் படங்களின் அளவைப் பற்றியே யோசித்தேன்.

விசாரிப்பவர்களுடைய விவரங்கள் பாதுகாப்பாக இருக்குமா?

நீங்கள் கேட்டால்தான் இருக்கும். 2025-ல் லவபிளில் செய்யப்பட்ட பல தளங்களில் டேட்டாபேஸின் அனுமதி விதிகள் சரியாகப் போடப்படாததால் பயனர் விவரங்களை வெளியாட்கள் படிக்க முடிந்தது என்று பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். எந்தக் கருவியிலும் நடக்கக்கூடிய தவறுதான் அது: தளம் வேலை செய்கிறது, ஆனால் கதவு திறந்தே கிடக்கிறது. விசாரணைப் படிவம் வைத்தால் அந்த விவரங்களை வெளியிலிருந்து படிக்க முடியுமா என்று லாகின் செய்யாமல் முயன்று பார்க்கச் சொல்லி ஏ.ஐ.யிடமே கேளுங்கள், புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து கேட்பது நல்லது. நாங்கள் படிவமே வைக்கவில்லை. வாட்ஸ்அப்பும் போனும் போதும் என்று விட்டோம், சேமிக்காத விவரம் திருடு போகாது. நீங்கள் சேமித்தால், 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி சம்மதம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒன்றைச் சரிசெய்யச் சொன்னால் இன்னொன்றைக் கெடுத்துவிடுகிறதே?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், அது சரியானதும் கிட்ஹப்பில் சேமியுங்கள், அப்புறம் அடுத்தது. ஏழெட்டு மாற்றங்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் எது எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது. உண்மையான விவரங்கள் இருக்கும் இடத்தில் எழுதும் அனுமதியை ஏ.ஐ.க்குக் கொடுக்காதீர்கள். 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழிலதிபர் ரெப்ளிட்டில் சோதனை செய்தபோது, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் அதன் ஏ.ஐ. உண்மையான டேட்டாபேஸை அழித்துவிட்டது. எங்கள் ஷீட்டைத் தளம் படிக்க மட்டும்தான் முடியும்.

மொத்தம் எவ்வளவு செலவு?

டாட் இன் பேர் வருஷத்துக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள். ஏ.ஐ. கருவிகளின் ஆரம்பக் கட்டணம் மாதம் 20 டாலர் பக்கம், கட்டும் இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், தளம் ஓட அது தேவையில்லை. ஹோஸ்டிங்குக்கு கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இலவசத் திட்டமே போதும். வெர்செல்லின் இலவசத் திட்டம் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை, அதைப் படிக்காமல் ஏற்றிவிடாதீர்கள்.

விற்றுப்போன சொத்தை எடுத்துவிட வேண்டுமா?

எடுக்காதீர்கள். "விற்றாச்சு" என்று குறியிட்டு, விலையை மறைத்து, அதே ஏரியாவில் இருக்கும் மற்றவற்றைக் கீழே காட்டுங்கள். யாரோ பழைய லிங்க்கை வாட்ஸ்அப்பில் தோண்டி எடுத்து வருவார்கள், அவர்கள் வெறும் பிழைப் பக்கத்தைப் பார்க்கக்கூடாது. இருக்கும் சொத்துகளுக்கு "கடைசியாகச் சரிபார்த்த தேதி" வையுங்கள். 30 நாள் தாண்டியவற்றை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் பட்டியலாக சித்தப்பாவுக்கு அனுப்புகிற மாதிரி ஒரு சின்ன வேலை எழுத வைத்தேன், அவர் காபி குடித்துக்கொண்டே ஓனர்களுக்கு வரிசையாக போன் போடுவார். "போன் பண்ணினா வித்துப்போச்சுன்னு சொல்றாங்க" என்பதுதான் இந்தத் தொழிலில் வாங்குபவர்களின் பெரிய மனக்குறை. எங்கள் தளத்தைப் பற்றி அப்படி யாரும் சொல்லக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருக்கிறார்.

கூகுளில் மேலே வருமா?

"கும்பகோணத்தில் வீடு விற்பனைக்கு" என்று தேடினால் பெரிய தளங்கள்தான் முதலில் வரும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். தெருவும் நகரும் உங்களுக்குத்தான் தெரியும், அதை எழுதுங்கள். எந்த நகரில் மழைக்குத் தண்ணி நிற்கும், எங்கே போர் தண்ணி நல்லது, எந்தப் பக்கம் பள்ளிக்கூடம் கிட்டே, போன வருஷம் மனை என்ன விலைக்குப் போனது என்று ஏரியாவுக்கு ஒரு பக்கம். ஏ.ஐ.யிடம் "செல்லூர் பற்றி எழுது" என்று கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்துகிற பொதுப்பேச்சு வரும், நீங்கள் சொல்லி அது திருத்தினால் மட்டுமே உபயோகம். கூகுள் பிசினஸ் புரொஃபைலையும் தளத்தோடு இணைத்துவிடுங்கள்.

வேறு ஒருவரிடம் கொடுத்துச் செய்தால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பேரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு முன்பு ஒருவர் செய்து கொடுத்த தளம் அவர் பேரில் இருந்தது, அவர் போனை எடுப்பதை நிறுத்தியதோடு தளமும் போய்விட்டது, ஏழு வருஷமாக விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரியோடு சேர்த்து. கிட்ஹப், ஹோஸ்டிங், ஷீட், மேப் சாவி எல்லாவற்றின் கணக்கும் உங்களுடையதாக இருந்து, செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அப்புறம் "இந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது, புதுச் சொத்தை எப்படி ஏற்றுவது, எது உடைந்தால் எங்கே பார்ப்பது" என்று தமிழில் இரண்டு பக்கம் ஏ.ஐ.யிடமே எழுத வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையதை பிரிண்ட் எடுத்து சித்தப்பாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். போன மாதம் நான் ஊரில் இல்லாதபோது அவருடைய பெண், பன்னிரண்டாவது படிக்கிறாள், அதைப் பார்த்தே இரண்டு மனைகளை ஏற்றிவிட்டாள்.